குடத்தில் ஓலை போட்ட ஊரும் கை தூக்கி ஓட்டுப் போடும் ஊரும்

உத்தரமேரூரில் பிற்பகல் மணி மூன்றரை. ஏப்ரல் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. வெயில் கொளுத்துகிறது. கடைத் தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு. சாப்பாட்டை முடித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்தவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அதே நேரத்தில், ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு சிற்றூர். அங்கே மணி நடுப்பகல் பன்னிரண்டு. கோயில் மணி ஒலிக்கிறது. மலை உச்சியில் வெள்ளையாகப் பனி. தெருவெல்லாம் கூட்டம். ஆண்கள் பலர் இடுப்பிலோ கையிலோ வாளுடன் வருகிறார்கள்!

சண்டைக்கா போகிறார்கள்? இல்லை. ஓட்டுப் போடப் போகிறார்கள்!

அந்த ஊரின் பெயர் அப்பன்செல். சுவிட்சர்லாந்து நாட்டில் இருக்கிறது. உத்தரமேரூர், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஒன்று வயல் சூழ்ந்த ஊர். மற்றொன்று மலை சூழ்ந்த ஊர். பேச்சு வேறு, உடை வேறு, உணவு வேறு. கடிகாரம் கூட ஒத்துப்போவதில்லை. குளிர்காலத்தில் அப்பன்செல் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. கோடைக்காலத்தில் அவர்கள் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பதால், மூன்றரை மணி நேரம் பின்னால் நிற்கிறது.

அப்படியானால் இந்த இரண்டு ஊருக்கும் என்ன பொருத்தம்? ஒரே ஒரு பொருத்தம் உண்டு. “ஊர்ப் பணத்தை யாரிடம் கொடுப்பது? அவனிடம் கணக்குக் கேட்பது எப்படி?” என்ற கேள்விக்கு இரண்டு ஊர்க்காரர்களும் உட்கார்ந்து யோசித்து, ஆளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டும் சின்ன ஊர்கள்தாம். ஆனால் உலகமே அந்த வழிகளைப் பற்றிப் பேசுகிறது.

சுவரே சட்டப் புத்தகம்

உத்தரமேரூர் சென்னையிலிருந்து ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். 2011-ம் ஆண்டு எடுத்த கணக்கில் இந்தப் பேரூராட்சியின் ஜனத்தொகை இருபத்தையாயிரத்தை ஒட்டி இருந்தது.

பல்லவர் காலத்திலே உண்டான ஊர் இது. வேதம் படித்த அந்தணர்களுக்கு அரசன் நிலம் கொடுத்து அமைத்த ஊர். அதனால் அன்று இதற்கு உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர். ஊரை ஒட்டிப் பெரிய ஏரி. அதற்கு வயிரமேக தடாகம் என்று பெயர்.

ஊருக்குள் வைகுந்தப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே ஒரு மண்டபம். அன்றைய ஊர்ச் சபை கூடிய இடம் இதுதான் என்று சொல்வார்கள். அதன் கல் சுவர்களைப் பார்த்தால், எறும்பு ஊர்ந்தது போல வரிவரியாக எழுத்து! கோயில் தர்மத்துக்கு யார் ஆடு கொடுத்தார், யார் விளக்கு வைத்தார் என்பது மட்டும் அல்ல. ஊர்த் தேர்தலை எப்படி நடத்துவது என்ற சட்டமும் அந்தக் கல்லில் இருக்கிறது.

காகிதச் சட்டம் என்றால் கரையான் அரிக்கும். மாற்றி எழுதலாம், மறைத்து வைக்கலாம். கோயில் சுவரில் வெட்டிய சட்டத்தை யார் மறைக்க முடியும்? சாமி கும்பிட வருகிறவன் எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே போவான்!

இந்தச் சட்டம் இரண்டு கல்வெட்டுகளாக இருக்கிறது. முதலாவது கி.பி. 919-ல் வெட்டியது. இரண்டாவது 921-ல் வெட்டியது. அப்போது ஆண்டவன் முதலாம் பராந்தக சோழன். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழனின் கொள்ளுப்பாட்டன் இவன். அரசனுடைய அதிகாரி ஒருவர் வந்து கூட இருந்தார். ஆனால் சட்டம் செய்தவர்கள் ஊர்ச் சபையார்.

இரண்டே ஆண்டில் ஏன் இரண்டு சட்டம்? முதல் சட்டத்தை நடத்திப் பார்த்தார்கள். போதவில்லை. திருத்தி, இன்னும் கண்டிப்பாக்கினார்கள். ஊரில் கெட்டவர்கள் ஒடுங்கவேண்டும், மற்றவர்கள் தழைக்கவேண்டும் என்பதே அதற்குக் காரணம் என்று கல்வெட்டே சொல்கிறது.

யார் பெயரை எழுதலாம்?

ஊரை முப்பது குடும்பாகப் பிரித்தார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு.

ஒருவன் பெயரை ஓலையில் எழுதவேண்டுமானால், அவனுக்குச் சில தகுதிகள் வேண்டும். வரி கட்டுகிற சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும். தஞ்சைப் பக்கத்து வழக்கில் கால் வேலி என்பது சுமார் ஒன்றரை ஏக்கர். சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். வேதம் தெரிந்திருக்கவேண்டும். நன்றாகப் படித்தவனாக இருந்தால் அரைக்கால் வேலி நிலம் இருந்தாலும் போதும். படிப்புக்கு அப்படி ஒரு சலுகை!

வயதுக்கும் கணக்கு உண்டு. முதல் சட்டத்தில் முப்பது முதல் அறுபது வரை. இரண்டாவது சட்டத்தில் முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள்.

ஏற்கனவே பதவியில் இருந்தவனா? அவன் மூன்று ஆண்டு ஒதுங்கி இருக்கவேண்டும். பதவிக் காலமே மொத்தம் 360 நாள்தான். அதற்கு மேல் ஒரு நாள் கூட ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. நடுவிலே குற்றம் செய்ததாகத் தெரிந்தால், 360 நாள் முடியும் வரை காத்திருக்கமாட்டார்கள். உடனே வெளியே!

மாமன் செய்தால் மருமகனுக்கும் தடை

இனி வருவதுதான் அந்தச் சட்டத்தின் உயிர் நாடி.

வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய சிற்றன்னை பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, தாய் மாமன், சிற்றப்பன், பெரியப்பன், உடன் பிறந்தவன், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன், மருமகன், தகப்பன், மகன்! இத்தனை பேருக்கும் தடை!

ஏன் இவ்வளவு கடுமை? காரணம் எல்லா வீட்டுக்கும் தெரிந்ததே. ஒருவன் ஊர்ப் பணத்தை விழுங்கிவிட்டு வீட்டில் உட்காருவான். அடுத்த ஆண்டு மைத்துனனை நிறுத்துவான். மைத்துனன் வந்து பழைய கணக்கை மூடிவிடுவான். அந்த வழியைத்தான் சபையார் அடைத்தார்கள்.

அதோடு விடவில்லை. இப்படித் தடை வந்தால் வீட்டிலே என்ன நடக்கும்? மாமனார் கேட்பார்: “உன்னால் எனக்குமா கெட்ட பெயர்?” தம்பி கேட்பான். மருமகன் கேட்பான். ஊர்ச் சபை ஒரு தடவை கேட்டால், உறவு முழுவதும் நூறு தடவை கேட்கும்! சட்டம் காவலுக்கு வைத்தது சேவகனை அல்ல. சொந்தக்காரர்களையே காவல் வைத்தது.

கணக்கு எழுதுகிறவனுக்கும் தனி விதி உண்டு. அவன் எழுதிய கணக்கை அவனே வந்து காட்டவேண்டும். வேறு கணக்கனை வைத்து முடிக்கக்கூடாது. கணக்கைக் காட்டி, நேர்மையானவன் என்று பெயர் வாங்காதவரை அவனுக்கு மறுபடியும் அந்த வேலை கிடையாது.

பிறர் பொருளைத் திருடினவன், பெரும் பாவம் செய்தவன் ஆகியோர் பெயரும் குடத்துக்குள் போகாது.

குடத்தில் கை விட்ட சிறுவன்

தேர்தல் நாள் வந்துவிட்டது. சிறுவர் முதல் முதியவர் வரை சபை கூடுகிறது. ஊரில் உள்ள கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் வந்து உட்காரவேண்டும்.

ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டுவார்கள். கட்டின் மேல் இன்ன குடும்பு என்று எழுதிய ஓலை. முப்பது கட்டும் குடத்துக்குள் போகும். நம்பிமாரில் மூத்தவர் ஒருவர் குடத்தை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார்.

அப்போது ஒரு சிறுவனைக் கூப்பிடுவார்கள். ஒன்றும் அறியாத பிள்ளை. யார் பெரிய மனிதர், யார் சின்ன மனிதர் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் குடத்தில் கை விட்டு ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். மறுபடியும் சிறுவன் கை விடுவான். ஒரே ஓலை!

அந்த ஓலையை மத்தியஸ்தர் வாங்கவேண்டும். எப்படி வாங்கவேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்கவேண்டும்! விரல் இடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்துக்கொண்டு மாற்றிவிட்டால்? அதற்கு இடமே இல்லை. அவர் பெயரைப் படிப்பார். பிறகு அங்கே இருக்கும் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையைப் படிப்பார்கள். அதன் பின்பே பெயர் முடிவாகும்.

இப்படி முப்பது குடும்புக்கு முப்பது பேர். படிப்பிலும் வயதிலும் அனுபவத்திலும் முதிர்ந்த பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். மற்றப் பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம். மீதி ஆறு பேர் ஏரி வாரியம். பொன்னைச் சோதிக்கும் பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் இதே போலத் தனியாகக் குடவோலை.

ஏரிக்கு என்று ஒரு வாரியம்! கரை உடைந்தால் ஊருக்குச் சோறு இல்லை. அதனால்தான் அந்தக் கவலை.

வாள்தான் ஓட்டுச் சீட்டு

இனி அப்பன்செல்லுக்குப் போவோம்.

கடல் மட்டத்துக்குமேல் 2,500 அடி உயரத்தில், சிட்டர் என்ற ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த ஊர். பின்னால் சென்டிஸ் மலை. அதன் உச்சி 8,200 அடி. சரிவெல்லாம் பசும்புல். புல் இருந்தால் பசு. பசு இருந்தால் பால். அப்பன்செல் பாலாடைக் கட்டி ஐரோப்பா எங்கும் பேர் போனது. உத்தரமேரூருக்கு நெல் எப்படியோ, அப்படி அந்த ஊருக்குப் பால்!

ஊரில் ஆறாயிரம் பேர் இருந்தால் அதிகம். சுற்றியுள்ள மலைக் கிராமங்களையும் சேர்த்து அது ஒரு தனி மாநிலம். இன்னர்ரோடன் என்று பெயர். மொத்தம் பதினாறாயிரம் பேர்தான். நம் ஊர்ப் பக்கம் ஒரு பேரூராட்சியில் இருப்பதைவிடக் குறைவு! ஆனாலும் அவர்களுக்குத் தனி அரசாங்கம், தனிச் சட்டம், தனிக் கோர்ட்டு எல்லாம் உண்டு.

அந்த அரசாங்கத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? மக்களே, நேருக்கு நேர்! ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலையில் கோயில் பூசை முடியும். நடுப்பகலில் ஊர்வலம் கிளம்பும். ஊர் நடுவே இருக்கும் மைதானத்தில் எல்லாரும் கூடுவார்கள். சுற்றிலும் கயிறு கட்டியிருக்கும். ஓட்டு உள்ளவர்கள் கயிற்றுக்கு உள்ளே. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வெளியே.

உள்ளே போகச் சீட்டு வேண்டுமே? ஆண்களுக்கு வாள்தான் சீட்டு! தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வரும் குடும்ப வாள். அதைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். பெண்கள் அட்டை காட்டிவிட்டுப் போவார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு அவர்கள் பாஷையில் “லாண்ட்ஸ்கமைண்டே” என்று பெயர். நாட்டுச் சபை என்று பொருள். ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளாக நடந்து வருகிறது. தலைவருக்கு “லாண்டம்மான்” என்று பெயர். அவர் மேடை ஏறி, முடிந்த ஆண்டின் காரியங்களைச் சொல்வார். சபையார் முன்னே உறுதிமொழி எடுப்பார். சபையாரும் எடுப்பார்கள்.

பிறகு ஓட்டு. பெட்டி இல்லை, சீட்டு இல்லை. “இவரை ஏற்பவர்கள் கை தூக்குங்கள்!” என்பார் தலைவர். ஆயிரக்கணக்கான கைகள் வானத்தை நோக்கி எழும். எந்தப் பக்கம் கை அதிகம் என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் எண்ணுவார்கள். புதுச் சட்டமா? அதற்கும் கை தூக்கல்தான். ரோடு போடப் பணமா? அதற்கும் அப்படியே. விவசாயி ஒருவர் எழுந்து மேடைக்குப் போய், “இந்தச் சட்டம் வேண்டாம்” என்று பேசலாம். தடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

கொரோனா நோய் பரவிய 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டு மட்டும் கூட்டம் கூடவில்லை. வாக்குச் சீட்டில் ஓட்டு நடந்தது. நோய் தணிந்ததும் மக்கள் மறுபடியும் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள்.

மறைவா? வெளிச்சமா?

இரண்டு வழியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உத்தரமேரூர்ச் சபையார் சொன்னது: “யார் வருவார் என்று யாருக்கும் தெரியக்கூடாது.” தெரியாவிட்டால் எவனுக்கு லஞ்சம் கொடுப்பது? சிறுவன் கைக்கு எந்த ஓலை வரும் என்று பெரும் பணக்காரனாலும் சொல்லமுடியாது. பணம் அங்கே செல்லாது.

அப்பன்செல் மக்கள் சொல்வது: “எல்லாம் எல்லாருக்கும் தெரியவேண்டும்.” பட்டப்பகலில், ஊர் பார்க்க, கை தூக்கு. பிறகு “நான் அப்படிச் சொல்லவில்லை” என்று மாற முடியாது. எண்ணிக்கையில் சூது செய்யவும் முடியாது.

இரண்டிலும் குறை உண்டு. குடவோலையில் தகுதியானவர்களுக்குள்ளே மிக நல்லவன் பெயர் வராமலே போகலாம். அதிர்ஷ்டம்தான் முடிவு செய்யும். கை தூக்குவதிலோ, பக்கத்தில் நிற்கும் முதலாளியைப் பார்த்துக் கை தயங்கலாம். கடன் கொடுத்தவன் எதிரே நின்றால், கடன் வாங்கினவன் கை எந்தப் பக்கம் எழும்?

ஒரு விசேஷம்! சுவிட்சர்லாந்திலும் சீட்டுக் குலுக்கல் நடந்திருக்கிறது. அப்பன்செல் போலவே மைதானத்தில் கூடும் இன்னொரு மாநிலம் கிளாரஸ். அங்கே 17-ம் நூற்றாண்டில் பணக்காரர்கள் பதவியை விலைக்கு வாங்க ஆரம்பித்தார்கள். அதைத் தடுக்க, அங்குள்ள மக்கள் 1640-ல் பதவிக்கு ஆள் எடுப்பதில் குலுக்கலைக் கொண்டு வந்தார்கள். உத்தரமேரூர் என்ற பெயரையே கேட்டிராத மக்கள், எழுநூறு ஆண்டு கழித்து, அதே நோய்க்கு அதே மருந்தைக் கண்டுபிடித்தார்கள்!

வெளியே நின்றவர்கள்

பெருமையைப் பேசும்போது உண்மையையும் பேசவேண்டும்.

உத்தரமேரூர்க் குடத்தில் யார் பெயர் இருந்தது? நிலமும் வேதமும் உள்ள ஆண்கள் பெயர்தான். ஏர் ஓட்டினவன் பெயர் இல்லை. துணி நெய்தவன், சட்டி வனைந்தவன், கல் வெட்டினவன் பெயர் இல்லை. சுவரில் அந்தச் சட்டத்தை உளியால் செதுக்கிய கைக்கே குடத்தில் ஓலை கிடையாது! பெண்கள் பெயர் ஒன்று கூட இல்லை.

அப்பன்செல்லில்? அங்கும் பெண்கள் கயிற்றுக்கு வெளியேதான் நின்றார்கள். அதுவும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பு அல்ல. 1990-ம் ஆண்டு வரை!

நம் நாட்டில் 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலிலேயே பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். ஏழை, பணக்காரர், படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இல்லை. ஆனால் சுவிட்சர்லாந்துப் பெண்களுக்கு நாட்டுத் தேர்தலில் ஓட்டு வந்ததே 1971-ல்தான். அதன் பிறகும் இன்னர்ரோடன் ஆண்கள் தங்கள் மைதானத்துக்குள் பெண்களை விடவில்லை. 1973-ல் கேட்டார்கள். ஆண்கள் “கூடாது” என்று கை தூக்கினார்கள். 1982-ல் கேட்டார்கள். மறுபடியும் “கூடாது.” 1990 ஏப்ரலிலும் அதே பதில்!

நாட்டின் பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போடலாம். தன் ஊர் ரோட்டுக்கு ஓட்டுப் போடக்கூடாது! இது என்ன நியாயம்?

தெரசா ரோனர் என்ற பெண்மணி கோர்ட்டுக்குப் போனார். அவருக்குப் பின்னால் வேறு பெண்களும் சில ஆண்களும் சேர்ந்தார்கள். 1990 நவம்பர் 27-ம் தேதி அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாநிலச் சட்டத்தில் “நாட்டு மக்கள்” என்று இருக்கிறது. மக்கள் என்றால் ஆண்கள் மட்டுமா? பெண்களும் அதில் அடக்கம்! இதுதான் தீர்ப்பு. சட்டத்தில் ஒரு எழுத்தைக் கூட மாற்றவில்லை. இருந்த சொல்லுக்குச் சரியான பொருள் சொன்னார்கள். அவ்வளவுதான்.

1991 ஏப்ரலில் பெண்கள் முதல் முறையாகக் கயிற்றுக்கு உள்ளே வந்து கை தூக்கினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஐந்தே ஆண்டு கழித்து, 1996-ல், அதே சபை ரூத் மெட்ஸ்லர் என்ற பெண்ணை நிதி அதிகாரியாகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதவிக்கு அவர்கள் பாஷையில் “பணப்பை எஜமான்” என்று பொருள்படும் பெயர். நேற்று வரை ஓட்டே கூடாது என்றவர்கள், இன்று கஜானாச் சாவியையே பெண் கையில் கொடுத்துவிட்டார்கள்! 1999-ல் அவர் சுவிட்சர்லாந்து நாட்டின் மந்திரிசபைக்கே போய்விட்டார். அப்போது அவருக்கு வயது 34.

வீட்டுச் செலவைக் கணக்காக நடத்துகிற பெண்ணுக்கு ஊர்க் கணக்கு மட்டும் வராமல் போகுமா?

இன்று உத்தரமேரூரில்

நம் நாட்டில் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் அரசியல் சட்டத்திலேயே இடம் வேண்டும் என்று 1992-ல் சட்டத் திருத்தங்கள் செய்தார்கள். அவை 1993-ல் அமுலுக்கு வந்தன. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடத்தவேண்டும் என்பது விதி. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கட்டாயம். தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் பழங்குடி மக்களுக்கும் தனி இடங்கள். தமிழ்நாட்டில் 2016-ல் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்திச் சட்டம் செய்தார்கள்.

பழைய குடத்தில் பெயர் இல்லாத குடும்பத்துப் பெண், இன்று பேரூராட்சி மன்றத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். கல்வெட்டில் இல்லாத பெருமை இது!

ஆனால் கல்வெட்டில் இருந்த ஒன்று தவறிப்போனதும் உண்டு. தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் பதவிக் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் உடனே வரவில்லை. வழக்கும் தாமதமுமாக நாள் ஓடியது. காஞ்சிபுரம் மாவட்டக் கிராம ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. உத்தரமேரூர் போன்ற பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19-ம் தேதிதான் ஓட்டு. ஐந்து ஆண்டுக்கு மேல் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. சர்க்கார் போட்ட தனி அதிகாரிகள் காரியம் பார்த்தார்கள்.

360 நாள் முடிந்தால் மறு குடவோலை என்று கல்லில் எழுதிய ஊர், ஐந்து ஆண்டுக்கு மேல் காத்திருந்தது!

2020 டிசம்பர் 10-ம் தேதி, டில்லியில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த விழாவில் பிரதமர் நரேந்திர மோடி உத்தரமேரூர்க் கல்வெட்டைப் புகழ்ந்து பேசினார். டில்லி வரை இந்த ஊரின் பெயர் ஒலித்தது. அன்றைய தேதியில் அந்த ஊரில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர் கூட இல்லை.

கணக்குக் கேட்க ஒரு நாள்

அப்பன்செல் மக்கள் ஆண்டில் ஒரு நாள் கூடுகிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடவேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உத்தரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் இந்த நாட்களில் சபை கூடும். ஓட்டுரிமை உள்ள எவரும் போகலாம். வாளும் வேண்டாம், வேதமும் வேண்டாம், கால் வேலி நிலமும் வேண்டாம். வயது பதினெட்டு ஆகி, பெயர் பட்டியலில் இருந்தால் போதும்.

அங்கே ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை வைக்கவேண்டும். தெரு விளக்குக்கு எவ்வளவு? குடிநீர்க் குழாய்க்கு எவ்வளவு? நூறு நாள் வேலையில் எந்த ஏரி வெட்டினார்கள்? எத்தனை பேருக்குக் கூலி கொடுத்தார்கள்? யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் சொல்லவேண்டியது தலைவர் கடமை.

ஆனால் கேட்க ஆள் வரவேண்டுமே! நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி கட்டி, நாலு பேர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் அது சபை ஆகாது. ஊர் வரவேண்டும். முக்கியமாக வீட்டுப் பெண்கள் வரவேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாள் எத்தனை என்று அவர்களுக்குத்தான் தெரியும். புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவர்கள் கூடத் தைரியமாகப் போகலாம். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுமுன், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கலாம். புரியாவிட்டால், “இதைப் படித்துச் சொல்லுங்கள்” என்று கேட்கலாம். கேட்பது குற்றம் அல்ல. கேட்காமல் இருப்பதுதான் ஊருக்கு நஷ்டம்.

பராந்தகன் காலத்துச் சபையார் நமக்கு விட்டுப்போனது குடத்தை அல்ல. குடம் எந்தக் கடையிலும் கிடைக்கும். “பணத்தைத் தொட்டவன் கணக்குக் காட்டவேண்டும், காட்டாதவன் மறுபடியும் வரக்கூடாது” என்ற ஒரு வார்த்தையைத்தான் அவர்கள் கல்லிலே வைத்துவிட்டுப் போனார்கள். அன்று அதைக் கேட்கும் உரிமை நிலமும் படிப்பும் உள்ள சிலருக்கு இருந்தது. இன்று எல்லாருக்கும் இருக்கிறது.

ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்பன்செல் மைதானம் கூடிக் கலைகிறது. அதற்குச் சில நாளிலேயே மே முதல் தேதி வந்துவிடுகிறது. அன்று நம் கிராமங்களில் சபை. ஊர்ப் பொது இடத்தில் நாற்காலிகள் காத்திருக்கும். போய் உட்காருங்கள். கணக்கைக் கேளுங்கள்!